முகவெட்டு

சின்சா ரயில் நிலையத்துக்குப் பின்சந்து, நான்காம் மாடி.
அறுவை முடிந்தவர்கள் வீங்கிக் கிடப்பதற்கென்றே ஒரு விடுதி.
குளியலறைக் கண்ணாடியில் யாரோ
நாட்காட்டித் தாளை ஒட்டியிருந்தார்கள்:
போன வருஷத்து நவம்பர்.
அதைப் பார்த்துத்தான் பல் துலக்கினேன்,
குழந்தைகளுக்கான பிரஷ்ஷால்,
வாய் திறந்த அளவுக்கு.

எனக்கு இரண்டு பக்கத் தாடை முனையிலும்
ஏழேழு மில்லிமீட்டர் அறுத்திருந்தார்கள்.
அடுத்த கட்டில்காரிக்குக் கன்னத்து எலும்பு,
கூடவே மோவாய்.
காதோரம் குழாய் இறங்கி
ஆளுக்கு இரண்டு சின்னக் குடுவை,
தொங்கட்டான் மாதிரி. உள்ளே சிவப்பு.
காலையில் நர்ஸ் வந்து
"போங் யெரான், நாற்பது மில்லி" என்று குறித்துக்கொள்வாள்,
பால் கணக்குப் போல.

அவள் பெயர் ஓயுன்சிமெக். ஊர் உலான்பாத்தர்.
பல் மருத்துவமனையில் ரசீது போடுகிறவள்.
எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி அரைகுறை.
அதனால் என்ன,
பேசத்தான் இருவருக்கும் வாய் இல்லையே.
போனில் தட்டுவோம், அது பெயர்த்துத் தரும்.
வலி குறைந்ததா என்று அவள் கேட்டால்
விலை குறைந்ததா என்று எனக்கு வரும்.
சிரிக்காமல் சிரிப்போம்:
தோள் மட்டும் குலுங்கும்,
தையல்கள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டு வலிக்கும்.

குன்சானிலிருந்து அண்ணன் கேட்டிருந்தான்:
கார்டு கம்பெனியில் போனில்தானே பேசுகிறாய்,
எவன் உன் தாடையைப் பார்த்தான்?
நியாயமான கேள்வி. பதில் அனுப்பவில்லை.
பள்ளிக்கூடக் குழுப்படத்தில்
என் முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு
மற்றவர்களைப் பார்ப்பேன், முப்பது வயது தாண்டியும்.
இதையெல்லாம் அவனுக்கு எப்படி எழுத?

கஞ்சி, ஊசி இல்லாத சிரிஞ்சில்.
வீக்கம் வடியப் பூசணிச் சாறு, வேளைக்கு ஒரு பொட்டலம்.
உட்கார்ந்தபடி தூக்கம். தும்மல் வந்தால் சாமி கும்பிடத் தோன்றும்.
கீழுதட்டிலிருந்து மோவாய்வரை மரத்துக் கிடந்தது.
ஒழுகினால் எனக்குத் தெரியாது.
எதிர்க்கட்டிலில் இருப்பவளுக்குத் தெரியும்:
தன் மோவாயில் விரலால் இரண்டு தட்டு.
துடைத்துக்கொள்வேன்.
அவளுக்கு ஒழுகினால் நான் தட்டுவேன்.
ஒன்பது நாளில் இது ஒன்றுக்குத்தான்
போன் வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் இரவு தன் பழைய படத்தைக் காட்ட வந்தாள்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்த ஓயுன்
கண் இருக்கும் இடத்தில் கோடும்
கழுத்துவரை இறங்கிய மஞ்சளுமாய் இருப்பவள்.
அவள் படுக்கைக்குத் திரும்பிப் போனாள். கோபமில்லை என்று நினைக்கிறேன்.
அந்த முகத்தில் கோபம் எங்கே தெரியும்?

மூன்று மாதம் கழித்து, பரிசோதனைக்கு வருகிறேன் என்று எழுதினாள்.
எட்டாம் வாசல் பேக்கரி, மூன்று மணி.

மூன்றேகால்வரை கதவையே பார்த்திருந்தேன்.
எறும்பு ஊர்வது போலிருந்தால் நல்லது,
நரம்பு திரும்பி வருகிறது என்கிறார் டாக்டர்.
இடப்பக்கம் ஊர்கிறது.
வலப்பக்கம் இன்னும் ஊர் திரும்பவில்லை.
வேலையில் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள்; நன்றாகத்தான் இருக்கிறது.
கட்டைவிரல் மட்டும் சில சமயம்
என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.

பக்கத்து மேசையில் ஒருத்தி,
பச்சை மஃப்ளர், விளக்குச் சுடர் போல் ஒடுங்கிய முகம்.
நான் வந்ததிலிருந்து அவளும் கதவையேதான் பார்த்தாள்.
கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது,
இத்தனை அழகைக் காக்க வைக்கிறவன் யாரோ என்று.

கோப்பையை எடுத்துக் குடித்தேன்.
அவள் தற்செயலாகத் திரும்பினாள்.
அந்நியரைப் பார்க்கும் பார்வைதான்.
பிறகு, மரியாதைக்கோ,
பழக்க தோஷமோ,
தன் மோவாயில் விரலால்
இரண்டு தட்டு.

நுரை.
நான் துடைக்கவில்லை.
அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு வாய் திறந்து, முழுதாகத் திறந்து, என்னவோ சொன்னாள்.
நினைத்ததைவிடக் கரகரத்த குரல்.
ஒரு சொல்லும் புரியவில்லை.
போன் இரண்டும் மேசைமேல்
கவிழ்ந்தே கிடந்தன.