இதுவும் கண்ணாடிதான்

நீட்டிய மூக்கை உள்ளிழுக்க மாட்டேனென்று
கையில் கிடந்தது கம்பெனி கேமரா.
செம்பனை ஆலையின் பாய்லர் மேடையில்
வியர்வையும் எண்ணெயும் கலந்த விரல்களிலிருந்து வழுக்கி
இரும்புப் படியில் இரண்டு தரம் துள்ளி
மூன்றாம் படியில் யோசித்து நின்றுவிட்டது.
அதன் வயிற்றில் முன்னூற்றுப் பதினொரு விரிசல்கள்,
பற்றவைப்பு வாரியாக.
மிச்சம் இருபது குழாய்.
சனிக்கிழமை விமானம்.

பகாவ் கடைத்தெருவில்
கைப்பேசிக் கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்து
இதில் சிம் எங்கே போடுவது என்றான்.
களைக்கொல்லி தெளிப்பான்களுக்கு நடுவே இருந்தவர்
சிரம்பான் போங்க என்றார்,
பிறகு நாள்காட்டியைப் பார்த்து
இன்னிக்கு அங்கயும் லீவு என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில்
மழைக்குத்தான் ஒதுங்கினேன்.
பலகையில் சீனம், மலாய்,
ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கியடித்து
'கன்னாடி' என்று தமிழ்.

"கேமரா பாக்குறதில்லீங்க, கண்ணாடி மட்டும்தான்."
சியூ மெய் தமிழில்தான் சொன்னார்.
லென்சைத் தொட்டுக் காட்டி
இதுவும் கண்ணாடிதான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஸ்டூலை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"ஊருலேருந்து வந்தவரா?"
எனக்கு ஊர் என்றால் துவாக்குடி,
டோல்கேட் தாண்டி இடது பக்கம்.
அவருக்கு, கடலுக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஊர்.
ஆமாம் என்றேன். பொய்யில்லை.
எஸ்டேட்டில் அப்பாவுக்கு மளிகைக்கடையாம்.
தமிழில் அவர் முதலில் கற்ற சொல்
'அடுத்த சம்பளத்துல'.

"எழுபது வெள்ளி."
வந்து பத்து நாளாகியும் என் காதுக்கு
வெள்ளி இன்னும் கிழமைதான்.
எழுபது வெள்ளி,
ஒரு வருஷமும் நாலு மாசமும்
இந்த ஸ்டூலிலேயே இருப்பதாக நினைத்து
பாதி எழுந்துவிட்டேன்.

பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.
கண்ணாடிக் காலை முடுக்கும் குட்டித் திருப்புளி
கேமராவின் திருகுக்கும் சரியாகப் பொருந்தியது.
உள்ளே ஒரு பல்சக்கரத்தின் பல்லிடுக்கில்
ஆலையின் எண்ணெய், ஆரஞ்சு நிறத்தில்.
பஞ்சால் ஒற்றினார்.
அந்த நேரம் பார்த்துக் குலை ஏற்றிய லாரி ஒன்று போக
கடை ஒரு நடுங்கு நடுங்க
தட்டிலிருந்த நாலு திருகில் ஒன்று
உலகத்தைவிட்டே போய்விட்டது.

மேசைக்கடியில் இரண்டு பேரும் மண்டியிட்டோம்.
காந்தம் விட்டுத் துழாவினோம்.
கிடைத்தவை: ஒரு ஊக்கு, பத்துக் காசு,
யாருடையதோ ஒரு கம்மல்.
சியூ மெய்க்குக் கம்மல் கிடைத்ததில்
என் திருகு மறந்தே போயிற்று.
இரண்டு வருஷமாக ஒருத்தியைச் சந்தேகப்பட்டிருந்தாராம்.
கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, விற்காமல் கிடந்த
குழந்தைக் கண்ணாடி ஒன்றின் சிவப்புக் காலைக் கழற்றி
அதன் திருகை என் கேமராவுக்குப் போட்டார்.

கொர்ரென்று ஒரு சத்தம். மூக்கு உள்ளே போனது.
திரும்ப வந்தது.
"சிரிங்க லா" என்று சொல்லி
நான் சிரிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

மறுநாள் ஆலைக்குப் போனேன்.
மிச்சமிருந்த இருபது குழாயையும் எடுத்து முடித்தேன்.
ஊர் வந்து அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.

மேலதிகாரி கூப்பிட்டார்.
பேட்டரி கழற்றியதில்
கேமரா தன் முதல் நாளுக்குத் திரும்பியிருக்கிறது:
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி.
பாய்லர் நிறுவியது பதினாலில்.
பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே
விரிசல் எப்படி விட்டது என்கிறார்.

அது போகட்டும்,
முன்னூற்றுப் பன்னிரண்டாவது படத்தில்
இது எந்தக் குழாய்?

அரைச் சிரிப்பில் வாய் திறந்து நிற்கிறேன்.
நரைத்த மீசை.
பின்னால் வரிசையாக விலையட்டை தொங்கும் கண்ணாடிகள்.
மூலையில் தேதி.
அந்தத் தேதியில் எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

கவனிப்பில் வைக்க வேண்டியது என்று எழுதி
அதற்கும் ஒரு எண் கொடுத்தேன்.