எதில் கடித்தது

ஊசியில் எண் கூடக் கூட மெலியும்.
பதினாறைவிடப் பதினேழு சன்னம்.
தூண்டில் முள்ளும் அப்படித்தான்,
ஒன்றுவரைக்கும்.
அப்புறம் ஒரு பூஜ்யத்தைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு
தடித்துக்கொண்டே போகும்.
இதைச் சொன்னவன்
சயான் டயாலிசிஸ் வார்டில் ஆறாம் கட்டில்,
ஹர்ஷல் தாண்டேல், வயது இருபத்தாறு.
இடக்கையில் நான் இரண்டு ஊசி ஏற்றியிருக்க
வலக்கையால் முள்ளின் வளைவைக் காற்றில் வரைந்தான்.

"ராவஸுக்கு நாலு-பூஜ்யம், தாயி."
அவன் மொழியில் தாயி என்றால் அக்கா.
என் மொழியில் அது கொஞ்சம் அதிகம்.
திருத்தவில்லை.

ராவஸ், எங்கள் வீட்டில் காலா.
ஓட்டல் அட்டையில் இந்தியன் சால்மன்.
நிஜ சால்மன் குளிராற்றில்
அருவியைத் தாண்டி ஏறுமாம்.
இது எதிலும் ஏறாது.
மித்தி ஆறு கொண்டுவந்து கொட்டும்
கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில்
சேற்றை மீசையால் தடவித் தடவி
இரை தேடும்.

என்ன இரை என்பதில்தான் சண்டை.
இறால், உயிரோடு, என்றேன்.
கணவாய், என்றான்.
இறாலைக் கெளுத்தி பிடுங்கிக்கொள்ளும்,
மிச்சத்தை நண்டு நறுக்கும்,
கணவாய்த் துண்டு முள்ளை விடாது,
மாஹிமில் என் அத்தை சுரேகாவிடம் வாங்கு,
என் பெயரைச் சொல், விலை பேசாதே.

திங்கள், புதன், வெள்ளி.
ரத்தம் வெளியே போய்ச்
சுற்றித் திரும்பும் நாலு மணி நேரமும் இதே பேச்சு:
ஈயக்குண்டு தரையில் ஊன்றி நிற்கணுமா,
நரம்பு அதன் காதுவழி தாராளமாய் ஓடணுமா,
மிதவை என்றால் முள்ளுக்கு மேலே எத்தனை முழம்,
அஷ்டமியன்று நீர் அசையாது, போகாதே.
நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம் அவன்.
கடலை மட்டும் அளக்காமல் பேசினான்.

செவ்வாய் விடியல்,
இரவு ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு
பாந்திரா கோட்டைக்குக் கீழே பாறையில் இறங்கினேன்.
குழிநீரில் வலை அலசிய பையனிடம்
பத்து இறால், நாற்பது ரூபாய்.

இறாலின் கொம்புக்குக் கீழே கறுப்பாய் ஒரு புள்ளி தெரியும்.
அதைத் தொடாமல் முன்னால் குத்தினால்
ஒரு மணி நேரம் உதைத்துக்கொண்டிருக்கும்.
கை நடுங்கவில்லை.
தினம் பன்னிரண்டு பேர் கையில்
நரம்பு தேடுகிறவள் நான்.

முதலில் ஒரு பால் கவர்.
பிறகு கெளுத்தி, அவன் சொன்னபடியே,
முள்ளை விழுங்கிவிட்டுக் கரகரவென்று திட்டியது.
ஏழேகாலுக்கு
கம்பு வளையவில்லை.
நரம்பு தளர்ந்தது.
அறுந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றினேன், சுற்றினேன்,
தளர்ச்சிக்குள்ளே கனமாய் ஏதோ
என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது.
அதை யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டரைக் கிலோ.
செதிலெல்லாம் வெள்ளி, துடுப்பு மட்டும் மஞ்சள்.
அந்தோப் ஹில் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
பக்கத்து சீட் எழுந்து போயிற்று.

புதன்.
"கடித்ததா?"
கடித்தது.
"எதில்?"
ஊசியை டேப்பால் ஒட்டியபடி சொன்னேன்,
கணவாயில்.

முகம் மலர்ந்தது.
பெருமை தாங்காமல் ஐந்தாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.
பிறகு மெதுவாக,
"என்றைக்குப் போனாய்?"
நேற்று.
விரல் விட்டு எண்ணினான்.
"செவ்வாயில் இங்கே பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள்.
அத்தை கூடையே திறப்பதில்லை, தாயி."

மெஷின் கத்தியது.
குழாயில் காற்றுக் குமிழி ஏதாவது இருக்குமென்று
தட்டினேன், இல்லாததையும் தட்டினேன்.

சாப்பிடக்கூடாதவை எழுதிய அட்டையை
ஓரமாய் நகர்த்திவிட்டு
அவன் கேட்டான்:

"இறாலை எங்கே குத்தினாய்?"

என் கட்டைவிரல் நகத்தில்
தொட்டுக் காட்டினேன்.