இடது குதிகால்

தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கியபடியே வந்தார்
வாஷிங்டன் எச்செவெரி, வயது எழுபத்தொன்று.
மொந்தெவிதெயோவில் எல்லோரும் அப்படித்தான்,
மாத்தே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டார்கள்.
என் கையில் ஈயப் பெட்டி.
அவருடையது ஆறாமல் இருக்கவேண்டும்,
என்னுடையது ஆறிக்கொண்டே இருந்தது.

காலியம் அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதியாகிவிடும்.
ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்காரவேண்டும்.
படுக்கவைப்பதற்குள் பாதி வெளிச்சம் செத்திருக்கும்.
மிச்சம் போய்
புராஸ்டேட் செல் எங்கே ஒளிந்திருந்தாலும்
உண்ணிபோல ஒட்டிக்கொள்ளும்.

புராஸ்டேட்டை எடுத்து ஐந்து வருடம்.
இல்லாத உறுப்பின் கணக்கு ரத்தத்தில் ஏறுகிறது:
பூஜ்யம் புள்ளி மூன்று, பூஜ்யம் புள்ளி ஒன்பது,
ஒன்று புள்ளி நான்கு.
சி.டி.யில் ஒன்றுமில்லை.
"வீட்டைக் காலி பண்ணியாயிற்று,
கரண்ட் பில் மட்டும் வந்துகொண்டிருக்கிறது" என்றார்.

மண்டையோட்டிலிருந்து பாதித் தொடை வரை, அவ்வளவுதான் வழக்கம்.
அதற்குக் கீழே இந்த நோய்
அநேகமாக நடந்து போவதில்லை.
கட்டிலடியில் கழற்றிப் போட்ட ஷூவைப் பார்த்தேன்.
வலது குதி தேய்ந்து சாய்ந்திருந்தது.
இடது, வாங்கின அன்று மாதிரி.

"குதிகால் முள்ளாம். மூன்று மாதமாக ஊன்ற முடியவில்லை.
முப்பது வருஷம் லைன்ஸ்மேனாக ஓடிய கால், இருக்காதா?"

மணி இரண்டு நாற்பது. அடுத்தவர் வெளியே இருமினார்.
டாக்டர் பென்தாங்கூரைக் கேட்டேன்.
"எடு, எட்டு நிமிஷம்தானே."

திரையில் முதலில் வழக்கமான விளக்குகள்:
சிறுநீரகம், கல்லீரல், எச்சில் சுரப்பிகள்,
கண்ணோரம் இரண்டு பக்கமும் கண்ணீர்ச் சுரப்பி,
அது நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
எல்லோருக்கும் எரியும்.
இடுப்பு இருட்டு. முதுகெலும்பு இருட்டு.
முட்டி தாண்டி, கெண்டைக்கால் தாண்டி நெடுக இருட்டு,
படம் முடியப்போகிற இடத்தில்
இடது குதியெலும்புக்குள்
கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளை.

பென்தாங்கூர் நாற்காலியை முன்னே இழுத்தார்.
"பழைய விரிசலும் இப்படி மின்னும்.
சதை எடுத்துப் பார்க்காமல் பெயர் வைக்காதே."
பிறகு, "இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை."
அந்தக் குரலில் லேசாக ஒரு சந்தோஷம்.
எனக்கும் இருந்தது.
யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

எச்செவெரி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்,
இடதைக் கடைசியாக.
"கோட்டைத் தாண்டிவிட்டதா?"
"டாக்டர் கூப்பிட்டுச் சொல்வார்."
ஓரத்திலேயே ஓடிப் பழகிய கண்
என் முகத்தைக் கொஞ்ச நேரம் அளந்தது.
கொடி பிடிக்கிற கை பாதி உயர்ந்து,
எதற்கென்று மறந்ததுபோல
தெர்மாஸைத் தேடியது.
அது என் மேசையில் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
மூடியில் இன்னும் சூடு.