கசிவுக் கணக்கு

மாசி வரைக்கும் எங்கள் ஆலைக்கு
இரைச்சல் மட்டும்தான் இருந்தது.
மாசியில் அதற்கு எண் வந்தது.

கப்பலூர் தொழிற்பேட்டை. ரப்பர் வாஷர் வார்க்கிற இடம்.
கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்து
கம்ப்ரசரில், பாய்லரில், போர்வெல் குழாயில்,
கழிவுநீர்த் தொட்டியின் வாயில்
கட்டைவிரல் அளவுக் கருவிகளை மாட்டிவிட்டு
உங்க ஊர் வெயில் ஓவர் சார் என்று கிளம்பிப் போனார்கள்.
மறுநாள் முதல் ஆபீஸ் சுவரில் ஒரு திரை.
அதைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை.
சரக்கு வாங்கும் ஜெர்மன் கம்பெனி கேட்கிறது:
கிலோ ரப்பருக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எவ்வளவு புகை.

முதல் ஞாயிற்றுக்கிழமை.
ஆளில்லாத ஆலையில் கம்ப்ரசர் மட்டும்
மணிக்குப் பதினோரு யூனிட்
தின்றுகொண்டிருந்தது.
ஃபிட்டர் பெத்தணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை.

"மூணாம் பிரஸ்ஸுக்கு அங்கிட்டு, மேடம்.
காத்துப் போகுது. நாலு வருசமாப் போகுது.
சைக்கிள் ட்யூப்பச் சுத்தி வச்சிருக்கேன்."

சொல்லலையா?

"சொன்னேன். எழுதிக் குடுன்னாங்க.
எழுதியும் குடுத்தேன்."

தேடினேன். இருந்தது.
பென்சில் எழுத்து, மேலே டீ டம்ளர் வட்டம்,
வால்வு ஒன்று, ரூபாய் முந்நூற்று எண்பது.
காகிதத்துக்குக் கேட்காத காது
திரைக்குக் கேட்டது.
அன்று மாலையே வால்வு வந்தது.

அடுத்தடுத்து இன்னும் ஏழு ஓட்டைகள்.
ஏழையும் பெத்தணன் காதால் அறிந்திருந்தார்.
எட்டையும் கண்டுபிடித்ததாகக்
கருவிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்,
சென்னையில், குளிர் அரங்கில்.

பாய்லருக்கு விறகு போடும் ஒச்சம்மாளுக்கோ
அந்தக் கருவி ஆகவில்லை.
மழையில் நனைந்த கருவேலம் வந்தால்
புகை தடிக்கும், திரை சிவக்கும்,
'இயக்குபவர் தவறு' என்று அவள் பெயரில் விழும்.
விறகை நனையவிட்டது லாரிக்காரன்.
லாரிக்கு யாரும் கருவி மாட்டவில்லை.
கொட்டகைக்கு மேலே இரண்டு தகரம் போடுங்க,
உங்க பெட்டி தானா வாயை மூடும் என்றாள்.
போட்டோம். மூடியது.

கிலோவுக்கு இரண்டே கால்புள்ளி
என்றெல்லாம் இழுக்காமல் சொல்கிறேன்:
2.4 யூனிட் 1.9 ஆனது.
முதலாளி லட்டு கொடுத்தார்.
மிச்சமான கரண்டில்
புதிதாக ஆறாவது பிரஸ் இறக்கினார்.

இப்போது மொத்தத்தைப் பாருங்கள்.
அன்று இருபத்தாறாயிரம் கிலோ,
மாதம் அறுபத்திரண்டாயிரத்து நானூறு யூனிட்.
இன்று முப்பத்து நாலாயிரம் கிலோ,
அறுபத்து நாலாயிரத்து அறுநூறு.
போர்வெல்லை இன்னும் தொண்ணூறு அடி இறக்கியிருக்கிறோம்.
திரையில் எல்லாம் பச்சை.
பொய் இல்லை. ஒரு கட்டம் கூடப் பொய் இல்லை.
ஆலைக்குப் பின்னால் கண்மாய்
வைகாசியில் கருவாடாய்க் காய்ந்து கிடக்கிறது;
அதற்குக் கிலோக் கணக்குத் தெரியாது.

அறிக்கைப் படிவத்தில்
மொத்தத்துக்குக் கட்டம் இல்லை.
கேட்டேன். "கேக்காததை ஏம்மா எழுதணும்?"

பெத்தணனிடம் பென்சில் வாங்கினேன்.
ஏழாம் பக்கத்தின் ஓரத்தில்
அறுபத்து நாலாயிரத்து அறுநூறு என்று எழுதி
ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

பென்சில் ஸ்கேனில் விழுமா, தெரியவில்லை.
லேசாகத்தான் அழுத்தியிருந்தேன்.