சுமை அட்டவணை

ஹித் உலர்துறையில் என் கிரேன் கண்ணாடியில்
ஒட்டியிருக்கிறது அட்டவணை:
கை பத்து மீட்டர் நீண்டால் இருபது டன்,
நாற்பது நீண்டால் எழுநூறு கிலோ.
எட்டப் போகப் போக எடுப்பது குறையும்.
இருபது வருடமாக இதுதான் என் படிப்பு.

செவ்வாயன்று இழுத்து வந்தார்கள் போர்க்கப்பலை.
அறுநூறு மைல் பறந்ததாம் ட்ரோன்.
அத்தனை தூரத்துக்கு வயிறெல்லாம் எண்ணெய்,
வெடிமருந்துக்கு மிஞ்சியது நாற்பது கிலோ.
"கிட்ட இருந்து கிளம்பியிருந்தா
நூறு கொண்டாந்திருக்கும், கப்பல் ரெண்டா போயிருக்கும்"
என்கிறான் ரிக்கர் இருதயராஜ்,
மீன் விலை சொல்வதுபோல.

நாற்பது கிலோ.
ஊருக்குப் போகையில் எனக்கு விமானத்தில் முப்பது, கைப்பை ஏழு.
தராசு முன் குனிந்து
போர்வையா மகளின் ஹெல்மெட்டா என்று
ஒன்றை எடுத்து வெளியே வைப்பேன்.
அங்கும் ஒருவன் குனிந்திருப்பான்,
மருந்தில் கொஞ்சம் எடுத்து
எண்ணெய்க்கு இடம் விட்டிருப்பான்.

ஓட்டை ஒரு கதவளவு.
பின்னால் சலவை அறை.
கொடியில் இன்னும் ஒரு சட்டை, ஒரு கை கருகி.
யாருடையது என்று கப்பல்காரர்கள் சொல்லவில்லை.

ஒட்டுத் தகடு அறுநூற்று இருபத்தெட்டு கிலோ.
கீழே அபு ஜாசிம் கை காட்டுகிறார்:
இன்னும், இன்னும், மெல்ல.
நாற்பதை நெருங்கும்போது அலாரம் முனகுகிறது.
தகடு அந்தரத்தில் நிற்கிறது, அசையாமல்.

அந்த இடைவெளியில்
இருதயராஜ் ஓட்டைக்குள் கையை நீட்டினான்,
தோள்வரை.
சட்டையை எடுத்து மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டான்.
பிறகு கட்டைவிரலைக் காட்டினான், இறக்கச் சொல்லி.