நாற்பத்தொன்றாம் நீலம்

"றைவருக்குக் கியூட்டெக்ஸ் பூச வேணும்" என்று
வாசலில் நின்றார் சற்குணராசா.
நான் தெருவை எட்டிப் பார்த்தேன்.
ஓட்டோவும் இல்லை, சாரதியும் இல்லை.
கோண்டாவில் வெயில் மட்டும்
எதிர்க்கடைப் பலகையில் சாய்ந்து நின்றது.

கையில் ஒரு நீளத் தடி.
கனடாக் குளிருக்குப் போட்ட கம்பளிக் காலுறைக்குள்
தலையைக் கொடுத்து நித்திரை கொண்டது.
உருவினார்.
கருநீலம். தேங்காய்ப் பாதியை விடச் சற்றுப் பெரிசு.
"இதுக்குத்தான் றைவர் எண்டு பேர்.
கோல்ஃப் அடிக்கிறது."

மணப்பெண் ஒருத்தி பத்து விரலையும் விரித்தபடி
கதிரையில் இருந்தாள்.
அவளைத் தாண்டி,
பார்வையைச் சுவரில் ஒட்டிக்கொண்டு
உள்ளே வந்தார் அறுபத்தாறு வயது மனிதர்.

உச்சியில் ஒரு கீறல்.
அரிசி நீளம். வெள்ளை.
பந்து முகத்தில் படாமல் மண்டையில் பட்டால் வருமாம்.
"ஆர் அடிச்சது?"
"நான்தான். உதை விளையாட
வேற ஆர் இருக்கினம் இஞ்சை?"

புரட்டினேன். அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.
விடியப்புறம் நாவற்குழி வெட்டைக்குப் போறவராம்.
புல் என்று நம்பி வீசினால்
அதற்குக் கீழே கல் காத்திருக்குமாம்.
மற்றத் தடிகள் பைக்குள் ஒன்றோடொன்று இடிபட்டு,
பருத்தித்துறை பஸ்ஸில் நிண்டு வந்த சனம் மாதிரி
விளிம்பெல்லாம் கசங்கிப் போச்சாம்.
அதுகள் பரவாயில்லையாம்.
இது மட்டும்,
பந்துக்கு மேல் குனிகிற ஒவ்வொரு தடவையும்
அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுதாம்.

"கீறலால பந்து குறையப் போகுமே?"
"ஒரு சாணும் குறையாது."
"பிறகென்ன?"
அப்போதுதான் மணப்பெண்ணைப் பார்த்தார்.
"பிள்ளை, உதைப் பூசினாப்போலை
சோறு கெதியா வேகுமே?"

அவள் சிரித்ததில் சுண்டுவிரல் மேசையில் உரச
அதை அழித்து முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று.

நீலங்களை எல்லாம் இறக்கினேன்.
மயில் கழுத்து, பள்ளிக்கூட மை,
கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்று.
நாற்பத்தொன்றாம் இலக்கம் பொருந்தியது.
பழக்கத்தில் கை, நகம் அழிக்கிற தண்ணீருக்குப் போனது.
நல்லகாலம், நிறுத்திக்கொண்டேன்.
தொட்டிருந்தால் கீறலோடு தலையும் வெளுத்திருக்கும்.
சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து,
தூரிகை தடிப்பென்று பல்லுக்குத்தும் குச்சியால்
ஒரு பூச்சு. விசிறி. இன்னொரு பூச்சு.
மூன்றாவது காய்வதற்குள்
மணப்பெண்ணின் தாய் நேரத்தை இரண்டுதரம் கேட்டுவிட்டா.

வெளிச்சத்தில் சரித்துக் காட்டினேன்.
"தடவினாத் தெரியும், ஐயா. பாத்தாத் தெரியாது."
"தடவிக்கொண்டு ஆரும் அடிக்கிறேல்லை" என்றார்.
ஒரு விரலுக்கு வாங்குகிற காசைத்தான் வாங்கினேன்.
கொப்பியில் எழுதினேன்:
சற்குணராசா. தலை, ஒன்று.

ஏழு கிழமை கழித்து மறுபடி வந்தார்.
பழையதற்குப் பக்கத்தில் புதுசு,
முதலாவதை விடக் கொஞ்சம் நீளம்.
"பலமாப் போட்டிட்டன்" என்றார்.
அதில் ஒரு பெருமை இருந்ததோ என்னவோ.
இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை.
முறை வரும்வரை இருந்து
தலைமைப் பெட்டியின் பின்பக்கத்தை
எழுத்து விடாமல் வாசித்தார்.

என் ஸ்கூட்டியின் மட்காட்டிலும் ஒன்று உண்டு.
தாவடிச் சந்தி மதில் தந்தது.
இரண்டு வருசமாய் அந்தப் பக்கத்தைச்
சுவரோடு அணைத்தே நிறுத்தி வருகிறேன்.
கடை பூட்டுமுன், போத்தலின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து
அதன்மேல் பூசினேன்.
சிவப்பு ஸ்கூட்டி. நீலப் பூச்சு.
பொருந்தவேயில்லை.
இப்போது எங்கே நிறுத்தினாலும்
அதுதான் முதலில் தெரிகிறது.

"உது ஆற்றை வேலை?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.
ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்,
"றைவற்றை."