ஒரு விரல் தடிப்பு

போன மார்கழியில் அவ எழுதி ஒட்டின கடிதம்
இன்னும் என் குசினி இழுப்பறையில் கிடக்கிறது:
மெஷின் வடிகட்டியில் தலைமயிர்,
படிக்கட்டெல்லாம் பொரித்த மணம்,
தயவுசெய்து, தயவுசெய்து.

ஆடியில் அதே கையெழுத்தில் இன்னொரு தாள்,
ஒரு சாவியோடு.
மூன்று கிழமை தெசினுக்குப் போகிறாவாம்.
"ஆறு மீன்கள். நீங்கள் ஐந்தைத்தான் பார்ப்பீர்கள்."

பீல் நகரம், மாட்ரெச் பக்கம்.
திருமதி சூர்ப்ரூக் மூன்றாம் மாடி, நாங்கள் நாலாம் மாடி.
பன்னிரண்டு வருஷமாக
அவவின் கூரை என் நிலம்.

தாளில் உள்ளபடி:
சுக்கெட்டி, பச்சை நிறத்தது, மருந்தடிக்காதது.
ஒரு விரல் தடிப்பில் வட்டமாக வெட்டவும்.
யாருடைய விரல் என்று எழுதவில்லை.
கொதிநீரில் ஒரு நிமிஷம். உப்பு கூடாது.
உப்புக்குக் கீழே இரண்டு கோடு.
ஆறவிட்டு, முள்ளுக்கரண்டியில் குத்தி
இரவு ஒன்பதுக்கு இறக்கவும்.
கரண்டி பாரத்துக்கு, இல்லாவிட்டால் மிதக்கும்.
விடிய எடுக்கவும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும்.

தவநேசன் சிரித்தார்.
பிள்ளைகள் பூசணிக்காயை
மேசைக்குக் கீழே ஒட்டி வைத்த காலத்தில்
நீ ஒருநாளாவது மணி பார்த்து ஆறவைத்தாயா?

முதல் இரவு
வெள்ளிக் கரண்டி, பிடியில் யாருடையதோ இரண்டு எழுத்து,
சரளைக் கல்லில் சாய்ந்து நின்றது,
சாப்பாட்டின் நடுவில் யாரோ எழும்பிப் போனது போல.
ஐந்து மீனும் கிட்ட வந்து பார்த்துவிட்டு
மரியாதையாக விலகிக்கொண்டன,
என் ரசத்தைப் பார்த்த
தவநேசனின் முதலாளி மாதிரி.

விடிய
வட்டத்தின் நடுவைக் காணோம்.
தோல் மட்டும், ஒரு பச்சை வளையல்,
கரண்டி முள்ளில் தொங்கியது.

அட.

அடுத்த இரவு விளக்கை அணைத்துவிட்டு
அவவின் கதிரையில் இருந்தேன்.
மேலே தவநேசன் நடந்தார்.
குசினி. பிரிட்ஜ். திரும்பக் குசினி.
கதிரை ஒன்று கரகரவென்று இழுபட்டது,
பிறகு இன்னொரு தரம், அரை அடி.
ஒரு மூடி விழுந்து
சுற்றிச் சுற்றி, சுற்றி, அடங்கியது.
பன்னிரண்டு வருஷம்.
அந்தக் கடிதத்தில் இது இல்லை.

அப்போதுதான் மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து
ஆறாவது வந்தது.
கறுப்பு. முகமெல்லாம் வேர் முளைத்து,
வடிவு என்று சொல்ல ஒன்றுமில்லை.
கரண்டியை அணைத்தபடி வாயை ஒட்டி
தேங்காய் துருவுகிற மாதிரித் துருவியது,
சத்தமே இல்லாமல்.
மணி பார்த்தேன். பத்து நாற்பது.

இரண்டாம் கிழமை
சிவப்புப் பிளாட்டி ஒன்று ஊதிப்போய்ச் சரிந்து மிதந்தது.
தாளின் பின்பக்கத்தில் இருந்தது:
ஒருநாள் பட்டினி, அடுத்த நாள் அவித்த பட்டாணி,
தோல் உரித்து, கால்வாசி.
ஆடி வெள்ளி. நானும் விரதம், அதுவும் விரதம்.
சனிச் சந்தையில் வாங்கிய பட்டாணியை
நகத்தால் கீறிப் பிதுக்கினேன்.
கால்வாசிப் பட்டாணி என்றால்
விரல் நுனியில் கிடக்கிற ஒரு பச்சைச் சந்தேகம்.
ஞாயிறு பின்னேரம்
அது நிமிர்ந்து நீந்தியது.
சொல்வதற்கு ஆள் இல்லை. மீனுக்கே சொன்னேன்.

அவ வெயில் பட்ட முகத்தோடு வந்தா.
வெப்பமானி பார்த்தா, கரண்டியை எண்ணி வைத்தா,
பட்டாணி பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
ஆறாவதைப் பார்த்தீர்களா?
பத்து நாற்பதுக்கு, என்றேன்.
பத்து நாற்பது, என்று தலையாட்டினா,
ரயில் சரியான நேரத்துக்கு வந்தது போல.

அன்றிரவே
எங்கள் கதிரைக் கால்கள் பதினாறுக்கும்
கம்பளித் துண்டு வெட்டி ஒட்டினேன்.
தவநேசனுக்குக் காரணம் சொல்லவில்லை.
மிஞ்சின சுக்கெட்டியை
கடுகு, செத்தல் மிளகாய் தாளித்து,
உப்புப் போட்டு வதக்கினேன்.
மணம் கீழே போயிருக்கும்.